அந்தப் படத்தில் நம்ம ஊர் ஆள் மகன் இல்லை, அம்மா

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் இளைஞர்கள் சேர்ந்து, போதைப்பொருள் விழிப்புணர்வு என்று 'ரெக்வியம் ஃபார் எ டிரீம்' படத்தைப் போட்டிருக்கிறார்கள். படம் முடிந்ததும் ஆளுக்கொரு மாதிரி. பெண்கள் பக்கம் அழுகை. பின்வரிசைப் பையன்கள் நடுநடுவே சிரித்திருக்கிறார்கள். ஒரு அக்கா, "இதை எல்லா ஸ்கூல்லயும் போடணும், அப்பதான் இதுங்க திருந்தும்" என்றாராம். ஒரு பெரியவர், "வெள்ளைக்காரன் ஊர்க் கதை, ரொம்பப் பெருசு பண்ணியிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முன்பு பழக்கத்தில் இருந்து இப்போது விட்டிருக்கிற ஒருவர் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை, எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. இதில் யார் சொல்வது சரி, படத்தில் காட்டுவது உண்மையா, அடுத்ததாகப் படிவம் 4, 5 மாணவர்களுக்குப் போடலாமா என்று தம்பி கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். அமெரிக்காவிலேயே இந்தப் படத்துக்குத் தணிக்கைக் குழு 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கவே கூடாது என்ற சான்றிதழைக் கொடுத்து, அதை ஏற்காமல் சான்றிதழே இல்லாமல் வெளியிட்டார்கள். கடைசிப் பகுதியில் கதாநாயகனின் காதலிக்கு நடக்கிறதை ஒரு வாத்தியாரும் மாணவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. சரி, அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டுப் போடலாமே என்பீர்கள். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் வேறு, கீழே வருகிறேன்.

நான் அரசாங்க கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். தோட்டத்து ஆட்கள் எங்களை இன்னமும் டிரெசர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கிற மருந்தான மெதடோன் கவுண்டரில் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறேன். படத்தையும் பார்த்திருக்கிறேன், விருப்பப்பட்டு ஒரு தடவை, மகள் கேட்டாளே என்று இன்னொரு தடவை. உங்கள் மண்டபத்தில் யாருமே தப்பாகப் பார்க்கவில்லை, ஆளுக்கொரு படத்தைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பார்க்காதவர்களுக்காக: 2000ஆம் ஆண்டு வந்த படம், இயக்கியவர் டேரன் அரோனோஃப்ஸ்கி. ஹியூபர்ட் செல்பி ஜூனியர் 1978இல் எழுதிய நாவல்தான் கதை. நியூயார்க்கில் கோனி ஐலண்ட் பக்கம் நான்கு பேர். ஹேரி, அவன் காதலி, அவன் நண்பன், இந்த மூன்று பேரும் ஹெரோயின் பக்கம் போகிறார்கள். நான்காவது ஆள் ஹேரியின் அம்மா சாரா, கணவரை இழந்தவர், தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் டிவியோடு குடும்பம் நடத்துகிறவர். கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று மூன்று பகுதி. வசந்தம் கிடையாது. படம் ஓடி முடியும்போது மகனுக்கு ஒரு கை போய்விடுகிறது, நண்பன் சிறையில், காதலி உடம்பை விற்கிறாள், அம்மா மனநல மருத்துவமனையில்.

படம் ஆரம்பிப்பதே ஹேரி அம்மாவின் டிவியை அடகுக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதில்தான். இது முதல் தடவை இல்லை. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிறார். பிறகு அதே கடைக்குப் போய் பணம் கட்டி டிவியை மீட்டுக்கொண்டு வருகிறார், கடைக்காரருக்கும் பழகிப்போய்விட்டது. உங்கள் மண்டபத்துப் பெண்கள் எங்கே அழ ஆரம்பித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஊசிக் காட்சியில் ஆரம்பித்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். நம் ஊரில் டிவிக்குப் பதில் கேஸ் தோம்பு, தண்ணீர் மோட்டார், தம்பியுடைய மோட்டார் சைக்கிள் பேட்டரி, சில வீடுகளில் தாலிக்கொடி. மீட்டுக்கொண்டு வந்து, "பக்கத்து வீட்டுல குடுத்து வச்சிருந்தேன்" என்று சொல்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். போலீசுக்குப் போக மாட்டார்கள். போனால் மகனைச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரியும்.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் மகனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அம்மாவைப் பாவம் என்று மட்டும் நினைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சாராவுக்கு ஒருநாள் டிவி நிகழ்ச்சியில் கலந்துகொள்ளலாம் என்று ஒரு போன் வருகிறது. மகனின் பள்ளிப் பட்டமளிப்புக்குக் கட்டிய சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை, உடை பத்தவில்லை. ஒரு டாக்டரிடம் போகிறார், அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார், வேளைக்கு ஒரு கலர். அது ஆம்பெட்டமின். பசி போய்விடும், தூக்கம் போய்விடும், வீட்டை ஒரே மூச்சில் துடைத்து எடுப்பார், பல்லை நறநறவென்று கடிப்பார், பேச்சு நிற்காது. அப்புறம் மாத்திரை பத்தாமல் தானாகக் கூட்டிக்கொள்வார். அப்புறம் பிரிட்ஜ் அவரைப் பார்த்து உறும ஆரம்பிக்கும்.

நம் ஊரில் இன்றைக்கு ஓடுகிற சியாபு இருக்கிறதே, அது மெத்தாம்பெட்டமின். சாரா விழுங்கிய மாத்திரைக்கு உடன்பிறப்பு, அதைவிட வேகம் கூடியது. ஹேரி போடுகிற ஹெரோயின் எங்கள் தலைமுறையின் வியாதி. இப்போது கிளினிக்குக்கு வருகிற பையன்களில் பெரும்பகுதி சியாபு, இல்லை அதே சரக்கு கலந்த பில் குடா மாத்திரை கேஸ்தான், நாடு முழுக்கவும் அதே கதை. ஆக உங்கள் தாமானில் நாலு நாள் தூங்காமல் மோட்டாரைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிற பையனைப் படத்தில் தேடினால், அவன் ஹேரி இல்லை. அவன் சாரா.

எதற்காகத் தொடுகிறார்கள் என்பதிலும் சாராதான் கிட்டே வருகிறார். ஜாலிக்குத்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள் என்று நினைக்கிறோம். ராத்திரி லொரி ஓட்டுகிறவன், பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறவன், செம்பனைக் குலை வெட்டுகிறவன் எல்லாரும் வேலைக்காகவும் ஆரம்பிக்கிறார்கள். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், எடைக்குத்தான் கூலி. வலி தெரியாமல், தூக்கம் வராமல் இன்னொரு வரிசை வெட்டலாம் என்று ஒருத்தன் சொல்வான். முன்பு அந்த இடத்தில் கள்ளுக்கடை இருந்தது, பிறகு சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்தது, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து எத்தனை வருஷம் கத்தியது என்று வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வடக்கே கெத்தும் தண்ணி, கெத்தும் மரத்து இலையைக் காய்ச்சி எடுக்கிற போதைத் தண்ணி.

இன்னொன்று, இது அக்காமார்களுக்கு. சாராவின் மாத்திரையைப் பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்றவர்களில் எத்தனை பேர் வீட்டில் மெலிகிற காப்பி பாக்கெட் இருக்கிறது? பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் போனிலும் விற்கிற அந்தக் காப்பிகளில் சிபுட்ரமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2010இல் பல நாட்டுச் சந்தைகளிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. குடித்தால் பசிக்காது, நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. "மருந்து வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுவார்கள். மருந்துதான் வேலை செய்கிறது, அதுதான் பிரச்சினை.

பையன்கள் சிரித்தார்களே, அதற்கு வருகிறேன். கெட்ட புத்தி என்று திட்டாதீர்கள். ஊசி போட்டவுடனே கண்மணி விரிகிற மாதிரி ஒரு குளோசப் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. அழகாக இருக்கும், ஆனால் தப்பு. ஹெரோயின் போட்டால் கண்மணி சுருங்கும், குண்டூசித் தலை அளவுக்கு. கவுண்டரில் டார்ச் அடித்து நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். விரிகிறது என்றால் சியாபு மாதிரியான சரக்கு, இல்லை ஹெரோயின் கிடைக்காத தவிப்பு. இந்த விஷயம் பின்வரிசையில் ஒருத்தனுக்காவது தெரிந்திருக்கும், அவன்தான் முதலில் சிரித்திருப்பான், மற்றவர்கள் கூடச் சேர்ந்திருப்பார்கள். விழிப்புணர்வு என்று காட்டுகிற எதிலும் ஒரு தப்பு கண்ணில் பட்டுவிட்டால், மீதி உண்மையையும் பையன்கள் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதிலும் அந்த வெட்டு வெட்டான காட்சிகள், பொடி, கரண்டி, நெருப்பு, பெருமூச்சு, எல்லாம் ரெண்டு மூணு செகண்டில், பாட்டு மாதிரி தாளத்தோடு வருகிறது. சாதாரணப் படத்தில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவுகிற வெட்டு 600, 700 இருந்தால் இதில் 2000க்கு மேல். பதினாறு வயதுப் பையனுக்கு அது பயமாகத் தெரியும் என்று யார் சொன்னது?

நடுவில் எழுந்து போனவரும் இதே காட்சிகளால்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். பழக்கத்தை விட்டவருக்கு அந்தப் பொடியையும் கரண்டியையும் பார்த்தாலே உடம்பு கேட்க ஆரம்பிக்கும், பல வருஷம் கழித்தும். வியர்க்கும், வயிறு புரளும், சிலருக்கு வாயில் அந்தக் கசப்பே வந்துவிடும். இது மனவுறுதி இல்லாத கதை இல்லை, மூளை அப்படிப் பழகிவிடுகிறது, இதை ஆராய்ச்சிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டியே அளந்திருக்கிறார்கள். அவர் எழுந்து போனதுதான் அந்த மண்டபத்திலேயே நடந்த புத்திசாலித்தனமான காரியம். தம்பி, முடிந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். படத்தைப் பற்றிப் பேச வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருங்கள்.

'எல்லா ஸ்கூல்லயும் போடணும்' என்ற அக்காவுக்கு: பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பது நம் எல்லாருக்கும் இயல்பாக வருகிற யோசனை. வேலை செய்வதில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் தடுப்பு வேலைக்கென்று ஒரு தர வழிகாட்டி வைத்திருக்கிறது, 2013இல் முதலில் வந்தது, 2018இல் திருத்தினார்கள். பள்ளியில் பயத்தைக் கிளப்புவது பலன் தராத முறை என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே பயந்த பிள்ளை இன்னும் கொஞ்சம் பயப்படும், அது எப்படியும் தொடப்போவதில்லை. தொட்டுவிட்ட பிள்ளை, "எனக்கு ஒண்ணும் ஆகலையே, சும்மா விடுறாங்க" என்று நினைக்கும். ஆழமாகப் போய்விட்டவனுக்கோ வேறொன்று காதில் விழும்: உன் கதை முடிந்தது.

அந்தக் குளிர்காலப் பகுதியில் என் கோபம் எல்லாம் இதற்காகத்தான். படமாக அது அபாரம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஊர் அம்மா ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வருவார்? சாராவை மருத்துவமனையில் கட்டிப்போட்டு, வாயில் கட்டையை வைத்து, முழிப்பாக இருக்கும்போதே தலைக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள். இங்கே பக்கத்திலேயே, 1911இலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே நம் ஆட்கள் பைத்தியம் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். மகன் சுவரோடு பேசுகிறான், யாரோ வெட்ட வருகிறான் என்று பாராங்கத்தியோடு ராத்திரி பூரா வாசலில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அம்மா அழைத்துப் போக மாட்டார், "அங்க கொண்டுபோனா கரண்ட் வைப்பாங்க சார், புள்ள கட்டையா திரும்பி வரும்." சாமி பார்க்கப் போவார், மந்திரிக்கப் போவார், மூன்று வாரம் போய்விடும். அதற்குள் கத்தி யார் மேலாவது இறங்கியிருக்கும்.

உண்மை என்ன என்றால், சியாபுவால் வருகிற மனக்குழப்பம் பெரும்பாலானவர்களுக்குச் சரக்கை நிறுத்தி, மருந்து கொடுத்து, தூங்க வைத்தால் சில நாளில், சில வாரத்தில் இறங்கிவிடும். சிலருக்கு நீளும், மறுக்கவில்லை. மின்சிகிச்சை அதற்கு முதல் வைத்தியமே இல்லை. வேறு நோய்க்குக் கொடுக்கும்போதும் இந்தக் காலத்தில் மயக்க மருந்தும் தசை தளர்கிற மருந்தும் கொடுத்துத்தான் செய்வார்கள், படத்தில் வருகிற மாதிரி இல்லை. அதேபோல ஹேரியின் கை. ஊசி போட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கும்போதே வந்தால் கீறிச் சீழ் எடுத்து ஆண்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாம். கறுக்கிற வரைக்கும் சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைக்கிறார்களே, அதனால்தான் கை போகிறது. படத்திலும் அப்படித்தான், அதே கையில் திரும்பவும் ஊசி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் போலீசைக் கூப்பிடுகிறார். அந்த ஒரு இடம் மட்டும் எனக்கு நெஞ்சைப் பிடித்தது, ஏனென்றால் நம் ஆட்கள் வராமல் இருப்பதற்கும் அந்தப் பயம்தான் காரணம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில், விற்கவே வேண்டாம், உடம்பில் இருந்தாலே 5000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அதற்குமேல் 2, 3 வருஷம் கண்காணிப்பு.

மிகைப்படுத்தியிருக்கிறான் என்ற பெரியவருக்கு என் பதில் பாதி ஆமாம். நான்கு பேருக்கும் ஒரே வாரத்தில் எல்லாம் இடிந்து விழுவது கதைக்காகச் செய்தது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் நடப்பதுதான். ஆனால் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்றாரே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாட்டிமார்களைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, மலிவுவிலை அடுக்குமாடியில் கொண்டுவந்து வைத்த பிறகு நம் கிழவிகள் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் அதே உட்காரல்தான். "நான் தனியா இருக்கேன், வயசாயிடுச்சு" என்று சாரா மகனிடம் சொல்கிற காட்சி இருக்கிறதே, அதில் கேமரா லேசாக விலகிப் போவதைக் கவனித்தீர்களா? எல்லன் பர்ஸ்டின் நடித்துக்கொண்டிருக்கும்போது ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபடீக் அழுதுவிட்டாராம், கண் மறைத்துவிட்டது. இயக்குநர் அந்த ஷாட்டையே வைத்துக்கொண்டார். பர்ஸ்டினுக்கு அந்த வருஷம் ஆஸ்கர் பரிந்துரையோடு நின்றுவிட்டது, கிடைக்கவில்லை, எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பழக்கத்திலிருந்து மீள்வதற்கு யாரும் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. நம் நாட்டிலும் நீண்ட காலம் அப்படித்தான், 1983 சட்டத்தின் கீழ் பிடித்து இரண்டு வருஷம் பூசாட் செரெந்தி என்கிற மறுவாழ்வு மையத்தில் வைப்பார்கள், வெளியே வந்து எத்தனை நாள் தாங்கினான் என்று ஊரே பந்தயம் கட்டும். ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவி, 2002இல் மட்டும் ஏறக்குறைய 7000 புதிய தொற்று என்று கணக்கு வந்த பிறகுதான் 2005இல் மெதடோன் தொடங்கினார்கள், அடுத்த வருஷம் ஊசி மாற்றும் திட்டம் வந்தது. அரசாங்க கிளினிக்கில் மெதடோன் இலவசம்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் கவுண்டர் திறக்குமுன்னே வரிசை நிற்கும், வேலைக்குப் போகிறவர்கள்தான் முதலில், சிலர் செம்பனைத் தோட்டத்து பூட்ஸோடு. பெயரைச் சொல்லி, அட்டையைக் காட்டி, கண்ணைப் பார்க்க விடுவார்கள். அளந்து, சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கலந்து கொடுப்போம். எங்கள் முன்னாலேயே குடிக்க வேண்டும், குடித்துவிட்டு ஏதாவது பேச வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி விற்கிற ஆளும் உண்டு, அதற்காக. ஒருத்தர் வருஷக்கணக்காக ஒரே வசனம்தான் சொல்வார், "சார், இன்னிக்கும் கசப்புதான்." அவருக்கு வீடு உண்டு, லொரி உண்டு, மகள் பல்கலைக்கழகத்தில் படித்தாள். சினிமாவுக்கு அவர் கதை லாயக்கில்லை, ஒன்றுமே நடக்காது, தினம் காலையில் வந்து குடித்துவிட்டு வேலைக்குப் போவார்.

சியாபுவுக்கு மெதடோன் மாதிரி ஒரு மருந்து இன்னும் வரவில்லை. மெதடோன் ஹெரோயின் வகைக்கு மட்டும்தான். சியாபுவுக்கு ஆலோசனை, தூக்கம், சாப்பாடு, வேலை நேரத்தை மாற்றுவது, மனக்குழப்பத்துக்கு மருந்து என்று பல முனையிலும்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் கியூர் அண்ட் கேர் கிளினிக்குகள் 2010இலிருந்து இருக்கின்றன, தானாகப் போய்ப் பதிந்துகொள்ளலாம், யாரும் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

திரும்பவும் போட்டே ஆக வேண்டும் என்றால், பெற்றோருக்கு மட்டும் போடுங்கள், 18 வயதுக்குக் கீழே ஒருத்தரையும் உள்ளே விடாதீர்கள். என்ன மாதிரி காட்சிகள் வரும் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், விட்டவர்கள் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. சாரா மகனிடம் பேசுகிற அந்தக் காட்சி வரைக்கும் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், குளிர்காலம் வேண்டாம், பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். விளக்கைப் போட்டுவிட்டு அம்மாக்களைப் பேச விடுங்கள், மைக்கை எந்தத் தலைவரிடமும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அரை மணி நேரம் போய்விடும். கிளினிக்கிலிருந்து ஒரு ஆளை முன்கூட்டியே கூப்பிட்டு மூலையில் ஒரு மேசை போட்டு உட்கார வையுங்கள், மைக்கில் கேட்க முடியாததை அங்கே கேட்பார்கள். பசார் மாலாம் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துவிடாதீர்கள், ஒருத்தரும் வர மாட்டார்கள்.